மணிக்குக் கீமோ நடக்கிறது

எங்கள் நாய் மணிக்கு லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறிகட்டியது போல வீக்கம், ஊசியால் செல் எடுத்துப் பார்த்ததில் உறுதியாகிவிட்டது. இப்போது கீமோ நடக்கிறது. "பாவம், வாயில்லா ஜீவனை ஏன் வதைக்கிறீர்கள்" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நாய்களுக்கு மருந்தைத் தீவிரம் குறைத்துத்தான் கொடுப்பார்கள், இருக்கும் காலம் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கமே, பெரும்பாலான நாய்களுக்கு முடிகூட அவ்வளவாக உதிராது. இவனுக்கு மீசை மட்டும் கொட்டிவிட்டது, ஒரு பக்கம் ஒற்றை முடி நீட்டிக்கொண்டு நிற்கிறது, பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் தண்ணீராகக் குடிக்கிறான், நடுராத்திரியில் கதவைச் சுரண்டுகிறான். சரி, எழுந்துதான் ஆக வேண்டும். மருந்து ஏற்றிய முதல் சில நாட்கள் மூத்திரம், மலம் எதையும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, மருந்து அதன் வழியாகத்தான் வெளியேறும். கர்ப்பிணிகள் அந்தக் கழிவுகளின் கிட்டவே போகக்கூடாது.

எனக்கு உண்மையான பயம் மருந்து ஏற்றி ஒரு வாரம் கழித்துத்தான், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இறங்கும் நேரம் அது. காய்ச்சல் 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் ராத்திரி பகல் பார்க்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். நேற்று 101.8, நாய்களுக்கு அது இயல்பான சூடுதான். ஆனால் பின்பக்கம் தெர்மாமீட்டர் வைத்ததற்காக என்னோடு இன்னும் கோபமாக இருக்கிறான்.