2020 நோட்டு

பரண் சுத்தம் செய்யும்போது ஊரடங்கு காலத்து ஓவிய நோட்டு கையில் சிக்கியது.

அதற்கு முன் ஞாயிறு விடிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழக்குயில்குடிதான். சமணர் மலை, தாமரைக் குளம், அய்யனார் கோயில் ஆலமரம். மேலே செட்டிப்புடவுக் குகையில், முக்குடை என்னும் மூன்றடுக்குக் குடைக்குக் கீழே மகாவீரர் சிற்பம். ஊர் சுற்றாமல் படம் வராது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நான். தெருமுனையில் தடுப்பு வைத்ததும் இரண்டு வாரம் தூரிகையைத் தொடவில்லை.

அந்தச் சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணத்தை எல்லாரும் செல்போனில்தான் பார்த்தோம். அம்மா அதைப் பார்த்தபடியே தாலிக்கயிறு மாற்றிவிட்டு, "கோயிலைப் பார்த்து நின்னா அந்த ஆலமரம் எந்தப் பக்கம்டா?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினோரு தடவை வரைந்த மரம்!

வெட்கத்தில் அன்றே நினைவிலிருந்து வரைய உட்கார்ந்தேன். கிளை ஒன்றுகூட ஞாபகமில்லை. ஆனால் விழுதுக்கடியில் இருக்கும் அந்தக் குளிர்ச்சி இருந்தது. அதற்கு நீலமும் கொஞ்சம் காவியும் கலந்தேன். வேடிக்கை பார்க்க வந்த அம்மா காகிதத்தைப் பிடித்ததில் ஓரத்தில் ஒரு மஞ்சள் விரல் தடம். இன்னும் மங்கவில்லை.

தடை நீங்கியதும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். மரத்தைத் தப்பான பக்கத்தில் போட்டிருக்கிறேன். சரி, இருக்கட்டும். சட்டம் போட்டு மாட்டப்போவது அதைத்தான்.