தமிழையாவின் ஆறு கேள்விகள்

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது பள்ளி நினைவு எழுதித் தரச் சொன்னார்கள். விளையாட்டு விழா, விடுதிச் சாப்பாடு, பிள்ளையார்பட்டிக்குச் சைக்கிளில் போனது, இவற்றையெல்லாம் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழையாவின் இலக்கண வகுப்பை எழுத ஆள் இருக்குமா தெரியவில்லை. ஜெர்மனியில் இத்தனை வருடமாக நான் செய்கிற வேலைக்கு அந்த வகுப்புதான் அடித்தளம். அதனால் அதையே எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய இயந்திரங்களின் திரையிலும் கையேட்டிலும் வரும் ஆங்கிலச் சொற்களை ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போலிஷ், ரஷ்யன் என்று பல மொழிகளுக்குக் கொண்டுபோகிற குழுவில் இருக்கிறேன். அந்தந்த மொழிக்காரர்கள்தான் மொழிபெயர்ப்பார்கள். ஒவ்வொரு சொல்லும் எங்கே, எதற்காக வருகிறது என்று அவர்களுக்கு விளக்கம் எழுதித் தருவதும், வந்ததைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. ஹைட்ராலிக் பம்ப் மாதிரியான சொற்கள்தான் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அவற்றுக்கு அகராதி போதும். பாடாய்ப் படுத்துபவை ஓபன், ரன், சேவ், புட், டேக், கெட் போன்ற சின்ன வினைச்சொற்கள். ஆறாம் வகுப்பில் நாம் படித்த அதே சொற்கள்.

அவற்றை நமக்குக் கற்றுத் தந்த இங்கிலீஷ் சாரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். கோ, வென்ட், கான். டேக், டுக், டேக்கன் என்று வகுப்பே அதிரச் சொல்ல வைப்பார். பின்னாளில் ஜெர்மன் படிக்க உட்கார்ந்தபோது கேயன், கிங், கெகாங்கன் என்று அதே ராகத்தில்தான் மனப்பாடம் செய்தேன். வினையின் உருவங்களைப் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வினையின் உள்ளே இருப்பதைக் காட்டியவர் தமிழையா.

ஒன்பதாம் வகுப்பில் அவர் கரும்பலகையில் ஆறு கட்டம் போட்டு, மேலே நன்னூல் சூத்திரத்தை எழுதினார். 'செய்பவன் கருவி நிலம்செயல் காலம் செய்பொருள் ஆறும் தருவது வினையே.' பவணந்தி முனிவர் எழுதியது. உரைக்காரர்கள் சொல்லும் 'குடம் வனைந்தான்' உதாரணத்தையே எடுத்துக்கொண்டார். வனைந்தவர் யார்? மானாமதுரைக் குயவர். எதைக் கொண்டு? சக்கரம். எங்கே, என்ன செய்து, எப்போது, எந்தப் பொருளை? கட்டங்கள் நிரம்பின. பாடப்புத்தகம் அத்தோடு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடும். ஐயா போகவிடமாட்டார். 'வாழ்க்கைப்படு' என்று எழுதி, செய்பவர் ஆணாக இருக்க முடியுமா என்று கேட்பார். 'மேய்' என்று எழுதி, மனிதரைச் செய்பவராகப் போட்டால் ஏன் ஒட்டவில்லை என்று கேட்பார். 'எனக்குப் பசிக்கிறது' என்று எழுதிவிட்டு, "இதில் செய்பவன் யார், சொல்லுங்கப்பா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மணி அடித்த பிறகும் நாங்கள் வாதாடிக்கொண்டிருப்போம்.

என் அலுவலக எக்செல் தாளில் இன்றும் அந்த ஆறு கட்டங்கள் இருக்கின்றன. ஜெர்மன் சகாக்கள் அதை என் பாணி என்று சொல்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று விளக்கியபோது, பல நூறு வருடத்துக்கு முந்தைய இலக்கண நூலிலிருந்தா என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஆங்கிலம் ஒரு சின்ன வினையின் தலையில் ஏராளமான வேலையை ஏற்றி வைக்கும். மற்ற ஐரோப்பிய மொழிகள் அந்தச் சுமையைப் பிரித்துக்கொள்ளும். எந்த இடத்தில் பிரிக்கும் என்பது மொழிக்கு மொழி மாறும். ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலும் அந்த ஆறு கட்டங்களில் ஒன்றின் ஓரத்தில்தான் பிளவு விழுகிறது.

'கோ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனில் நடந்து போனால் கேயன், வண்டியில் போனால் ஃபாரன். ரஷ்யனிலும் போலிஷிலும் இதே பிரிவு உண்டு. பிரிப்பது கருவி. 'ஈட்' ஜெர்மனில் இரண்டாகும். மனிதர் உண்பது எஸ்ஸன், விலங்கு தின்பது ஃப்ரெஸ்ஸன். பிரிப்பது செய்பவர். ரஷ்யனில் திருமணம் செய்வதற்கும் ஆணுக்கு ஒரு வினை, பெண்ணுக்கு ஒன்று. பெண்ணுக்கு உரியதை அப்படியே பிரித்தால் 'கணவன் பின்னால் வெளியே போதல்' என்று வரும். ஐயாவின் 'வாழ்க்கைப்படு' எனக்கு உடனே ஞாபகம் வந்தது. நம் பக்கத்தில் பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு என்று பிரித்துத்தானே பேசுகிறோம்.

'டேக்' பிரெஞ்சில் செய்பொருளைப் பார்க்கும். ஆளைக் கூட்டிப் போனால் ஆம்மெனே, பொருளை எடுத்துப் போனால் ஆம்போர்த்தே. தமிழ்ப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆயாவைக் 'கொண்டு போனேன்' என்று நாம் யாரும் சொல்லமாட்டோம்.

'புட்' பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். ஜெர்மனில் பொருள் நிற்கும்படி வைத்தால் ஷ்டெல்லன், படுக்கும்படி வைத்தால் லேகன், உட்காரும்படி வைத்தால் ஸெட்ஸன், தொங்கவிட்டால் ஹெங்கன், செருகினால் ஷ்டெக்கன். ஒரே புத்தகத்தை மேசையில் 'படுக்க வைப்பார்கள்', அலமாரியில் 'நிற்க வைப்பார்கள்'. தட்டு எவ்வளவு தட்டையாக இருந்தாலும் மேசையில் நிற்கிறது என்றுதான் சொல்வார்கள், அடிப்பாகத்தின் மேல் அது நிற்பதாக அவர்கள் எண்ணம். நாம் விளக்கை வைப்போம், துணியைக் கொடியில் போடுவோம், சட்டையை ஆணியில் மாட்டுவோம், பூவைச் செருகுவோம். கோடுகள் வேறு இடத்தில் விழுந்தாலும், வைக்கும் பொருளையும் வைக்கும் இடத்தையும் கேட்காமல் வினையைத் தொடாத பழக்கம் நமக்கும் இருக்கிறது.

அப்புறம் காலம். ரஷ்யனில் அநேகமாக ஒவ்வொரு வினையும் சோடியாக வரும். பிசாத் என்றால் எழுதிக்கொண்டிருப்பது, நபிசாத் என்றால் எழுதி முடிப்பது. கணினித் திரையில் 'சேவ்', 'ஓபன்', 'டெலீட்' பொத்தான்களுக்கு ரஷ்யர்கள் முடிந்த செயலைக் காட்டும் வினையைத்தான் போடுவார்கள். ஒருமுறை அழுத்தினால் காரியம் முடியவேண்டும் அல்லவா? அந்தப் பொத்தானுக்கே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் 'திறக்க' என்கிற மாதிரி எச்ச வடிவம் வரும். இத்தாலியனிலும் போலிஷிலும் 'திற' என்று நேராக ஏவுவார்கள். ஒரு வால்வு பக்கத்தில் 'ஓபன்' என்று இருந்தால் இன்னும் பெரிய கேள்வி வருகிறது. திற என்று சொல்கிறதா, திறந்திருக்கிறது என்று சொல்கிறதா? ஜெர்மனில் முன்னது எஃப்னன், பின்னது ஓஃபன். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. கொதிநீர்க் குழாயில் இதை மாற்றிப் போட்டால் ஆளைச் சுட்டுவிடும். செயலா நிலையா என்று கேட்காமல் என் மேசையைத் தாண்டி ஒரு சொல்லும் போகாது.

இனி நம் ஊருக்கே உரிய ஒன்று. பள்ளிக்கூடத் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். இளவயதில் வியட்நாமின் சைகோனில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த பொறுப்பான அடுத்தாள் வரைக்கும் உயர்ந்தவர். அவரை நாங்கள் சைகோன் ஐயா என்போம். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில், பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி, பியாஸ்தர் நாணயம். கடன் வாங்க வருகிறவர்களோடு பேசவும் கோர்ட்டுக் காகிதம் படிக்கவும் தேவையான அளவுக்குப் பிரெஞ்சு பழகியிருந்தார். "தம்பி, அந்தப் பாஷையில் 'கொடுக்கவேண்டியிருக்கிறது' என்பதும் 'செய்யவேண்டியிருக்கிறது' என்பதும் ஒரே சொல்லு" என்று ஒரு நாள் சொன்னார். ஜெ துவா என்று ஆரம்பித்துத் தொகையைச் சொன்னால் கடன். ஜெ துவா என்று ஆரம்பித்து இன்னொரு வினையைச் சொன்னால் கடமை. நான் அதைத் தமிழையாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று அப்பர் பாடியதைச் சொல்லி, தமிழிலும் கடன் என்பது இரண்டையும் குறிப்பதைக் காட்டினார். அன்று மாலையே சைகோன் ஐயா வீட்டுக்குப் போனார். இரண்டு பேரும் விளக்கு வைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிரெஞ்சு வினையின் அகராதி வடிவம் துவார். ஸ்பானிஷ் தெபேர் அப்படியே. ஜெர்மனில் 'செய்யவேண்டும்' என்கிற ஸோல்லன், கடனையும் குற்றத்தையும் குறிக்கும் ஷுல்ட், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலத்திலும் பழங்காலத்தில் 'ஓ' (owe) என்கிற கடன்படும் வினையின் இறந்தகால வடிவமாக இருந்ததுதான், 'செய்யவேண்டும்' என்கிற 'ஆட்' (ought). இன்றைக்கு இரண்டும் பிரிந்துவிட்டன. இயந்திரக் கையேடு முழுக்க 'இயக்குபவர் கையுறை அணியவேண்டும்', 'முதலில் மின்சாரத்தை நிறுத்தவேண்டும்' என்றுதான் இருக்கும். பிரெஞ்சுப் பிரதியில் ஒவ்வொரு முறை துவா வரும்போதும் எனக்குச் சைகோன் கடைப் பேரேடு ஞாபகம் வரும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஊர்களிலிருந்து நம்மவர்கள் மரம், கண்ணாடி, பளிங்கு எல்லாம் கொண்டுவந்தார்கள், மாளிகைகளில் இன்றும் காட்டுகிறார்கள். கூடவே கொண்டுவந்த மொழியறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

'எனக்குப் பசிக்கிறது' என்ற கேள்வியை ஐயா கேட்டபடியே விட்டுவிட்டார். விடை எனக்கு ஸ்பெயினிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 'ஐ லைக்' என்றால் 'நான்' செய்பவன். ஸ்பானிஷில் 'மே குஸ்தா', எனக்குப் பிடிக்கிறது. ஒரு மாம்பழம் பிடித்தால் குஸ்தா, பல மாம்பழம் பிடித்தால் குஸ்தான். வினை பழத்தோடு சேர்ந்துகொள்கிறது, என்னோடு சேரவில்லை. இத்தாலியனில் மி பியாச்சே. ஜெர்மனில் குளிர் அடித்தால் 'மியர் இஸ்ட் கால்ட்', எனக்குக் குளிராக இருக்கிறது. ரஷ்யனும் அப்படியே. பிரெஞ்சும் ஸ்பானிஷும் இத்தாலியனும் குளிரையும் பசியையும் 'வைத்திருக்கிறேன்' என்று சொல்லும். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் இந்த 'எனக்கு' வாக்கியங்களில் தடுக்கி விழுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். நமக்கு அது பிறந்த வீடு. உங்கள் பிள்ளைகள் ஐரோப்பியப் பள்ளியில் இந்த வாக்கியங்களைப் படிக்கும்போது ஆங்கிலம் வழியாக விளக்காதீர்கள். நேராகத் தமிழிலிருந்து சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இதில் மனசைத் தொடுகிற வினை 'மிஸ்'. ரயிலைத் தவறவிடுவது, இலக்குத் தவறுவது, ஒருவர் இல்லாமல் வாடுவது எல்லாம் ஆங்கிலத்தில் ஒன்றுதான். பிரெஞ்சில் வாடுவதற்கு 'த்யூ மெ மாங்க்', நீ எனக்குக் குறைகிறாய். ஜெர்மனில் 'டு ஃபேல்ஸ்ட் மியர்', பொருள் அதே. அங்கே செய்பவர் அருகில் இல்லாத அந்த ஆள். விடுதியில் சேர்ந்த புதிதில் சின்னப் பையன்கள் அழுவதைப் பார்த்து, "பிள்ளைக்கு ஆத்தாவைத் தேடுது" என்பார் சமையல்கட்டு ஆச்சி. தேடுவது யார்? பிள்ளை என்றால் 'தேடுறான்' என்று வரவேண்டும். ஆத்தாவும் இல்லை. 'தேடுது' என்ற வினைக்கு எழுவாயே கிடையாது. நான் தெரிந்துகொண்ட ஐரோப்பிய மொழிகளில் ரஷ்யனும் போலிஷும் இவ்வளவு தூரம் போகின்றன. அந்த வாக்கியத்தை ஐயாவின் கட்டத்தில் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அவர் இல்லை.

ஐயாவைப் பற்றி இன்னொன்று. காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கி வைத்த கம்பன் திருநாளுக்கு வருடா வருடம் எங்களில் சிலரைக் கூட்டிப் போவார். அனுமன் இராமனிடம் வந்து 'கண்டனென்' என்று வினையை முதலில் வைத்துப் பேசிய இடத்தை மேடையில் யார் விளக்கினாலும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். தமிழில் வினை கடைசியில்தான் வரும், கேட்பவர் அதுவரை காத்திருக்கவேண்டும், இராமனைக் காத்திருக்க வைக்க அனுமனுக்கு மனம் வரவில்லை என்பார். ஜெர்மனில் துணை வாக்கியங்களில் வினை கடைசிக்கு ஓடிவிடும். கூட்டத்தில் ஆங்கில சகாக்கள் பொறுமை இழக்கும்போது நான் நிதானமாகக் காத்திருப்பேன். பழகியவன்தானே.

சரி, ஒரு வேண்டுகோள். நம் பழைய மாணவர்கள் நார்வே, நெதர்லாந்து, போர்ச்சுக்கல், பின்லாந்து என்று சிதறி இருக்கிறார்கள். அங்கே நீங்கள் தினமும் பேசும் மொழியில் 'புட்', 'டேக்', 'கெட்', 'திங்க்' ஆகிய நான்கும் எத்தனையாகப் பிரிகின்றன என்று, ஒவ்வொன்றுக்கும் நம் ஊர்ப் பேச்சிலேயே ஒரு வாக்கியத்தோடு எழுதி மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். ஆறு கட்டமும் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. தொகுத்து அடுத்த மலரில் போட நான் பொறுப்பு. ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்துக்கும் அனுப்பலாம், இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் படிப்பார்கள்.