கன்னத்தில் ஏறும் ரத்தம்

நாடகத்துக்கு மேக்கப் போடுவது என் தொழில். அழுகைக்குக் கிளிசரின் இருக்கிறது. கோபத்துக்குப் புருவத்தைக் கொஞ்சம் இழுத்து எழுதினால் போதும். வெட்கம்தான் வம்பு. கன்னத்தில் ரூஜ் தடவி, மிச்சத்தைக் குனிந்த தலையே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

ரோமானியத் தத்துவ ஞானி செனகா, தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 11-ஆவது கடிதத்தில் இதையேதான் சொல்கிறார். நடிகர்கள் பயத்தைக் காட்டுவார்கள், சோகத்தைக் காட்டுவார்கள். கூச்சம் என்றால் தலையைத் தாழ்த்துவார்கள், குரலை இறக்குவார்கள், தரையையே பார்ப்பார்கள். முகத்தைச் சிவக்க வைக்க மட்டும் அவர்களால் ஆகாதாம். மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்த ஆள் போல!

லத்தீனில் 'புடோர்' என்பார்கள். நாணமும் மானமும் சேர்ந்தது. ரோமில் அது பெண்களின் தலையில் மட்டும் கட்டிய சமாச்சாரம் இல்லை. அந்தக் கடிதத்தில் சிவப்பவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். மாபெரும் படைத்தலைவர் பாம்பியஸ் நாலு பேர் முன்னால் நின்றாலே சிவந்துவிடுவார். பொதுக்கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். ஃபாபியானஸ் என்பவர் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் சாட்சி சொல்ல வந்து சிவந்ததைச் செனகா மறக்கவில்லை. அது அவருக்கு அழகாகவே இருந்ததாம். உடம்போடு பிறந்தது, எந்த ஞானமும் அதை விரட்டாது என்கிறார். ஆனால் ரோமின் சர்வாதிகாரி சுல்லா? முகத்தில் ரத்தம் ஏறினால்தான் அந்த மனுஷன் படுபயங்கரம். சிலர் இருக்கிற வெட்கத்தையெல்லாம் அப்போதே கொட்டித் தீர்த்துவிடுவார்கள் போலிருக்கிறது.

செனகா இறந்தது கி.பி. 65-இல். 81-இல் டொமிஷியன் ரோமின் பேரரசனாக அரியணை ஏறினான். இவனுக்கு இயல்பிலேயே சிவந்த முகம், பார்த்தால் அடக்கமான பிள்ளை. அது தனக்கு நல்ல பேர் வாங்கித் தருவது அவனுக்கே தெரியும். "இதுவரை என் மனமும் முகமும் உங்களுக்குப் பிடித்துத்தானே இருக்கின்றன" என்று செனட்டிலேயே பீற்றிக்கொண்டதாக, பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார்.

வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அந்தச் செனட்டில் இருந்தவர். தன் மாமனார் அக்ரிகோலாவைப் பற்றிய நூலில், வெட்கம் அண்டாதபடி டொமிஷியன் போட்டுக்கொண்ட கவசம் அந்தச் சிவப்பு என்கிறார். எனக்குச் சட்டென்று புரிந்தது. எந்நேரமும் ரூஜ் போட்டிருக்கிற முகத்தில் புதிதாக என்ன ஏறித் தெரியப் போகிறது?

முன்பு ஆண்ட பேரரசன் நீரோகூடக் கொலைக்கு உத்தரவு போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வான் என்கிறார் டாசிட்டஸ். டொமிஷியன் உட்கார்ந்து பார்த்தான். செனட்டர்கள் விட்ட பெருமூச்சுகள்கூடக் குறித்துவைக்கப்பட்டன. யார் யார் முகம் வெளுக்கிறது என்று அந்தச் சிவந்த முகம் ஒவ்வொருவராக நோட்டம் விட்டது.