அப்பிச்சியின் புத்தகத்துக்கு மூன்று கையெழுத்து

அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, எழுதியது ஒரே புத்தகம், 1998-ல் வந்தது. கவலை இறைத்த காலத்துச் சொற்கள், அதாவது மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த காலத்துச் சொற்கள் எல்லாம் அதில் இருக்கும். சால், தும்பி (சாலின் அடியில் உள்ள தோல் குழாய்), வடம், வால்கயிறு என்று ஒவ்வொன்றுக்கும் அவரே கோட்டுப்படம் போட்டிருப்பார். 2003-ல் அவர் போனபிறகு மறுபதிப்பு வரவில்லை. காங்கேயம் பக்கத்து ஆசிரியை ஒருவர் பிரதி கேட்டபோது எங்களிடம் இரண்டுதான் இருந்தது, அதில் ஒன்று செல்லரித்தது.

ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் காப்புரிமை உண்டு. அப்பிச்சி புத்தகத்துக்கு 2063 முடியும்வரை. பேரன் என்பதால் மட்டும் எனக்கு உரிமை வந்துவிடாது.

பதிப்பாளரோ உரிமை தங்களுடையது என்றார். பெரிய மாமா பீரோவைக் குடைந்து ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு காகிதத்தை எடுத்தார். "அச்சுரிமைக்காக" என்று ஒரு வரி, தொகை, கையெழுத்து, அவ்வளவுதான். எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லை. காலம் குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்த உரிமை ஐந்து வருடத்தோடு முடிந்துவிடும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வக்கீல் அதைக் காட்டிக் கடிதம் எழுதினார். அப்புறம் பதிப்பாளரிடமிருந்து மறுப்பு வரவில்லை.

ஆக, உரிமை அப்பிச்சியின் பிள்ளைகள் மூவருக்கும்தான். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று மூவரும் கையெழுத்துப் போட்டால், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணைய நூலகமான விக்கிமூலத்தில் ஏற்றிவிடலாம். அம்மாவும் பெரிய மாமாவும் உடனே சரி என்றார்கள். சின்ன மாமாதான் இரண்டு மாதம் பிடிகொடுக்கவில்லை. "ஏங்கண்ணு, எவனோ அச்சடிச்சு வித்துக் காசு பாத்தா?" நியாயமான கேள்வி. படைப்பை மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், வணிகத்துக்குக் கூடாது என்ற வகையும் இருக்கிறது, ஆனால் அப்படிக் கொடுத்தால் விக்கிமூலத்தில் ஏற்றமுடியாது. பெயர் போடவேண்டும், மாற்றி எழுதினாலும் இதே உரிமத்தில்தான் விடவேண்டும் என்ற வகையை எடுத்துச்சொன்னேன். கொடுத்தபின் திரும்ப வாங்கமுடியாது என்பதையும் மறைக்கவில்லை. அதை மறைத்து வாங்கும் கையெழுத்து எனக்கு வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமா தும்பி பற்றிய பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். தோல் தும்பி கிழிந்தால் தைக்கிற விதம் வரை அப்பிச்சி எழுதியிருந்தார். வாசித்து முடித்துப் பேனா கேட்டார்.

அட்டையை மட்டும் ஏற்றவில்லை, அதன் உரிமை வரைந்தவருடையதாக இருக்கலாம். அந்த ஓவியத்தை வரைந்தவர் யார், காசு வாங்கி வரைந்தாரா, நட்புக்காகவா என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஓரத்தில் "மு.ரா." என்று சின்ன எழுத்து இருக்கிறது. அவரையோ அவர் பிள்ளைகளையோ இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.