தீ எந்தப் பக்கம் ஓடியது?

ஏற்காட்டில் கோடை மழை பெய்தால் சுற்றுலா வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. காபிச் செடிக்கு நிழலாக வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். காற்றடித்தால் கிளை முறியும். முறிகிற கிளைக்கு விழ வேறு இடமே கிடைக்காது, எங்கள் 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பிதான்.

லைன்மேனாக வந்து இரண்டு வருடம் இருக்கும். ஏப்ரல் மாதம், சரியான மூடுபனி. தோட்டத்துக்குள் இறங்கிப் போகும் லைன் ட்ரிப் ஆகி, சப்ளை நின்றிருந்தது. மழையில் முழு லைனையும் நடந்து பார்க்கச் சோம்பல்பட்டு, ஒரு தடவை சார்ஜ் செய்து, அதாவது சப்ளை கொடுத்துப் பார்ப்போம் என்று சப்ஸ்டேஷனுக்குச் சொன்னோம். அடுத்த நொடி மேலே பனிக்குள்ளிருந்து 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம். இரண்டு கம்பிக்கும் நடுவே நீலமும் வெள்ளையுமாக ஒரு தீ, காபி இலை ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிய, எங்கள் தலைக்கு மேலே கடந்து பள்ளத்தை நோக்கி ஓடியது. கட் பாயிண்ட் போஸ்டில், இரு பக்கக் கம்பியையும் இணைக்கும் ஜம்பர் என்ற துண்டுக் கம்பியைப் போய்ப் பிடித்துக்கொண்டது. பிறகு இருட்டு. எல்லாம் இரண்டு விநாடிக்குள்.

ஜம்பர் கருகித் தொங்கியது. கோளாறு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? லைனை ஆஃப் செய்துவிட்டோம் என்று சப்ஸ்டேஷன் தரும் எல்.சி. (லைன் கிளியர்) வாங்கி, கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி, நனைந்துகொண்டே முக்கால் மணி நேரம் வேலை பார்த்துப் புது ஜம்பர் போட்டேன். எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்து சார்ஜ் செய்தால், மறுபடியும் அதே 'உர்ர்ர்', அதே ஓட்டம், புது ஜம்பரும் போச்சு.

ஃபோர்மேன் அண்ணன் திட்டவில்லை. "தம்பி, தீ எந்தப் பக்கம் ஓடுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"கீழ்ப்பக்கம்ங்கண்ணா."

"அப்ப அது பொறந்த இடம் மேல இருக்கும். சப்ஸ்டேஷன் பக்கமா நட."

திரும்பவும் எல்.சி. வாங்கிக்கொண்டு டார்ச்சோடு ஏறினேன். கம்பியில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள், அலுமினியம் உருகிய தடம். மூன்றாவது ஸ்பேனில், அதாவது இரண்டு போஸ்டுக்கு நடுவில், கை நீளத்துக்கு ஒரு கிளை, இரண்டு கம்பி மேலும் குறுக்கே கிடந்தது. பட்டை எல்லாம் கரி.

கிளை இல்லாமல் அந்தத் தீ பிறக்கவே முடியாது. சாதாரணக் காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே சுமார் 30,000 வோல்ட் வேண்டும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காற்று கொஞ்சம் மெலிசு, அதனால் கொஞ்சம் குறைவாகவே போதும். இருந்தாலும் 11 கே.வி. கம்பிக்குக் கம்பி இருக்கும் மூன்றடியைத் தாண்டாது. ஈரக் கிளையோ, காற்றில் ஆடி உரசும் கம்பியோ ஒரு தடவை வழிகாட்டிவிட வேண்டும். அப்புறம் கிளைகூடத் தேவையில்லை. பல ஆயிரம் டிகிரியில் கொதிக்கும் காற்றே மின்சாரத்துக்குக் கம்பி ஆகிவிடுகிறது.

சரி, அது ஏன் ஓட வேண்டும்? சூடு மேலே ஏறும் என்று பார்த்தால் மேட்டைப் பார்த்தல்லவா போயிருக்க வேண்டும்? ஃபோர்மேன் ஈர மண்ணில் குச்சியால் 'ப' போட்டுக் காட்டினார். என்ன, எழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கம்பியில் கரண்ட் போகிறது, தீ வழியாகக் குறுக்கே கடக்கிறது, மறு கம்பியில் திரும்புகிறது. இப்படி வளைந்து ஓடும் கரண்ட்டின் காந்தப்புலம் 'ப'வின் மூன்று பக்கத்தையும் வெளியே தள்ளப் பார்க்கும். கம்பிகளை இன்சுலேட்டர் கட்டிப் பிடித்திருக்கிறது. நடுவில் இருக்கும் தீயை யார் பிடிப்பது? சப்ளை வரும் பக்கத்தை விட்டு விலகி அது ஓடுகிறது. ஐ.டி.ஐ.யில் ஃப்ளெமிங்கின் இடக்கை விதி என்று விரலை மடக்கி மனப்பாடம் செய்தேனே, அதுதான் இது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"ஏ.சி.யில கரண்ட் மாறி மாறிப் போகுதே, தீயும் முன்னும் பின்னுமா ஆடணுமில்லிங்களாண்ணா?"

"கரண்ட் திரும்புறப்ப காந்தமும் சேர்ந்து திரும்புது. மைனஸ் இன்ட்டு மைனஸ் என்னடா?"

கரண்ட் அதிகமானால் ஓட்டமும் வேகமாகும். சப்ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என்றால் கரண்ட் எக்கச்சக்கம், பிரேக்கர் உடனே வெட்டிவிடும், பார்க்கவே கிடைக்காது. தூரத்து லைனில் கரண்ட் குறைவு, பிரேக்கரை வெட்டச் சொல்லும் ரிலே நிதானமாக எடுக்கும். அதனால்தான் மலையில் நாங்கள் அந்த ஓட்டத்தைப் பார்த்தோம். கரண்ட் ரொம்பக் குறைந்தால் காற்று எதிரே அடித்தே அதைத் திருப்பிவிடும்.

ஓடுவது கம்பிக்கு நல்லதுதான். எந்த இடத்திலும் நிற்காததால் புள்ளியோடு தப்பிக்கிறது. மரம் அடர்ந்த இடத்துக்கென்று உறை போட்ட கம்பி உண்டு. அதில் உறை கிழிந்த இடத்தில் தீ பிடித்தால் நகர வழியில்லாமல் அங்கேயே எரிந்து கம்பியை அறுத்துவிடும்.

நான் ஃபோர்மேன் ஆன பிறகு, ராத்திரி பசங்க போன் செய்தால் முதல் கேள்வி அதேதான். மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று பதில் வரும். ஒரு தடவை மட்டும் ஒரு பையன், "ஓடலண்ணா, நின்ன எடத்துலயே எரிஞ்சுது" என்றான். காற்றே இல்லாத ராத்திரி. அங்கே உறைக் கம்பியும் கிடையாது. யாரும் போஸ்ட் ஏறாதீங்க என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். லைனின் மறுகோடியில், பக்கத்து ஃபீடரோடு (இன்னொரு 11 கே.வி. லைன்) சேர்க்கும் ஏ.பி. ஸ்விட்ச் இணைந்தே இருந்தது. இரண்டு பக்கமிருந்தும் சப்ளை வந்தால் தீ எந்தப் பக்கம் ஓடும்?