தாழ் அலைகளின் நாட்குறிப்பு: ஸ்ரீவைகுண்டம், 2024

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆன்டெனாவுக்கான மரச்சட்டம் வந்துவிட்டது. பூவரசு மரம், ஒரு மீட்டர் சதுரம், நான்கு மூலையிலும் கம்பி வழுக்காதபடி காடி வெட்டித் தந்திருக்கிறார் தச்சர். ஐம்பது சுற்று எனாமல் கம்பியை மாடியில் உட்கார்ந்து சுற்றினேன். அக்கா மகள் கம்பிச்சுருளைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இதில் பாட்டு கேட்குமா?" என்றாள். பாட்டு கேட்காது. ஆனால் சூரியன் என்ன செய்கிறது என்று தெரியும் என்றேன். நம்பாமல் பார்த்தாள். நம்பவைக்க வேண்டும்.

நான் கேட்கப்போகும் தாழ் அலைகளுக்கு வி.எல்.எஃப். (மிகத் தாழ் அதிர்வெண்) என்று பெயர். இவை 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள வானொலி அலைகள். ஓர் அலையின் நீளமே 10 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டர் வரை போகும். இவற்றைக் கேட்க விலையுயர்ந்த வானொலிப்பெட்டி தேவையில்லை. இந்தக் கம்பிச்சட்டம், வரும் அலையைப் பெரிதாக்கும் சிறு முன்பெருக்கி, நொடிக்கு 96 ஆயிரம் மாதிரி எடுக்கும் சவுண்ட் கார்டு, ஒரு பழைய மடிக்கணினி, ஸ்பெக்ட்ரம் லேப் என்ற இலவச மென்பொருள் ஆகியவை போதும். சவுண்ட் கார்டே வானொலிப்பெட்டியாகிவிடுகிறது.

செப்டம்பர் 30, திங்கள்

நெல்லைச் சீமையில் இந்த அலைகளைக் கேட்க நினைக்கும் எவருக்கும் முதல் சவால் விஜயநாராயணம்தான். அங்குள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு 18.2 கிலோஹெர்ட்ஸில் செய்தி அனுப்புகிறது. சாதாரண வானொலி அலை உப்புநீரில் இறங்கிய உடனே செத்துப்போகும். இந்தத் தாழ் அலை பத்து இருபது மீட்டர் ஆழம் வரை தாக்குப்பிடிக்கும். அங்கே நிற்கும் 471 மீட்டர் கோபுரங்களை விட உயரமான கட்டமைப்பு இந்தியாவில் இல்லை. நாங்குநேரி பக்கம் பஸ்ஸில் போகும்போது இரவில் அதன் சிவப்பு விளக்குகளைப் பார்க்காதவர் யார்?

நீர்மூழ்கிக்குப் போகும் செய்தி சங்கேதம். அது எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒலிபரப்பின் வலிமை மட்டுமே. பக்கத்திலிருப்பதால் அந்த வலிமை இங்கே அளவுகடந்து இருக்கிறது. சட்டத்தை எப்படியோ ஒரு பக்கமாக நிறுத்தி முன்பெருக்கியை இணைத்தால், திரை முழுக்கப் போலிக்கோடுகள். முன்பெருக்கி திணறி, இல்லாத நிலையங்களையெல்லாம் காட்டுகிறது.

கம்பிச்சட்டத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் விளிம்பு நோக்கும் திசையில் நன்றாகக் கேட்கும். அதன் முகம் நோக்கும் திசையில் கேட்காது. விஜயநாராயணம் இங்கிருந்து தென்மேற்கில் இருக்கிறது. சட்டத்தின் முகத்தை மெல்ல மெல்ல அந்தப் பக்கம் திருப்பினேன். 18.2-இன் உச்சி சரிந்துகொண்டே வந்து, ஒரு விரலளவு திருப்பத்தில் சட்டென்று விழுந்தது. இருபத்தைந்து டெசிபலுக்கு மேல் இறக்கம். போலிக்கோடுகள் அத்தனையும் போய்விட்டன. சட்டத்தின் அடியில் சுண்ணாம்பால் கோடு போட்டுவைத்தேன்.

இப்போது விளிம்புகள் தென்கிழக்கையும் வடமேற்கையும் பார்க்கின்றன. தென்கிழக்கில், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் அருகே என்.டபிள்யூ.சி. நிலையம், 19.8 கிலோஹெர்ட்ஸ். வடமேற்கில் ஜெர்மனியின் டி.எச்.ஓ.38, 23.4 கிலோஹெர்ட்ஸ். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்ததற்கு இப்படியும் ஒரு பேறு! அண்டைவீட்டு இடிமுழக்கத்தை அணைத்தால் இரண்டு தூரதேசங்கள் தாமாகவே நேர்கோட்டில் வந்து நிற்கின்றன.

அக்டோபர் 1, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. தெருவே புழுங்கியது, எனக்கோ திருவிழா. எல்.இ.டி. விளக்குகள், செல்போன் சார்ஜர்கள், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், தோட்டத்து மோட்டார் எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சல் நின்றதும், மின்கலத்தில் ஓடிய மடிக்கணினியின் திரை கழுவிவிட்டதுபோல் ஆனது. பட்டப்பகலிலேயே ஜெர்மன் நிலையம் மெல்லிய பட்டையாகத் தெரிந்தது. எட்டாயிரம் கிலோமீட்டர்! மின்சாரம் வந்த பிறகும் அதை விடாமல் பிடிக்க, சட்டத்தை மாடியிலிருந்து இறக்கி வாழைத்தோட்டத்தின் கோடிக்குக் கொண்டுபோனேன்.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. விடியுமுன்பே தாமிரபரணிப் படித்துறையில் கூட்டம். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து இரவுப் பதிவைத் திறந்தேன்.

விடியலைக் கோடாகப் பார்ப்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது. எக்ஸ்மவுத்தில் பொழுது விடியும்போது நமக்கு மணி மூன்றரை. அந்த வெளிச்சம் கடலைத் தாண்டி இங்கே வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகிறது. அதுவரை 19.8-இன் வலிமையைக் காட்டும் கோடு நிலையாக நிற்காது. இறங்கும், ஏறும், மறுபடி ஆழமாக இறங்கும். இரவில் இந்த அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்னேற்ற அடுக்கு 85, 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் சூரியன் அதற்கும் கீழே, 70 கிலோமீட்டர் அளவில் 'டி' அடுக்கை உண்டாக்கிவிடுகிறது. பாதையின் ஒரு பாதியில் கூரை தாழ்ந்தும் மறுபாதியில் உயர்ந்தும் இருக்கும் அந்த வேளையில், வெவ்வேறு வழியாக வரும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால்தான் அந்தப் பள்ளங்கள்.

இன்று அதிகாலை 3.50-க்குச் சூரியனில் எக்ஸ் 7.1 அளவுள்ள பெரிய வெடிப்பு (எக்ஸ் என்பது மிக வலிய வெடிப்புகளின் வகை). பாதையின் ஆஸ்திரேலிய முனையில் மட்டும் அப்போதுதான் வெளிச்சம் எட்டியிருந்தது. மற்ற தூரமெல்லாம் இருட்டு. விடியல் பள்ளங்களுக்கு நடுவே வெடிப்பின் சுவடு என்று தனியாக எதையும் காட்ட முடியவில்லை. வெடிப்பின் எக்ஸ் கதிர் 'டி' அடுக்கை வலுவாக்குவதால்தான் கோடு அசையும். அந்தக் கதிர் வெளிச்சமுள்ள பாதியைத்தானே தாக்கும்.

அக்டோபர் 3, வியாழன்

கை நடுங்க எழுதுகிறேன். மாலை 5.48-க்கு எக்ஸ் 9.0. இந்தப் பதினோராண்டுச் சூரியச் சுழற்சியில் இதுவரை வந்தவற்றில் மிகப் பெரியது. நேற்று வெடித்த அதே 3842-ஆம் எண் கரும்புள்ளிக் கூட்டம்.

கொலுப்படி கட்ட உதவிக்கொண்டிருந்தவன் ஓடிவந்து திரையைப் பார்த்தேன். இங்கே சூரியன் மேற்கே தென்னைகளின் உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஆஸ்திரேலியப் பாதையில் இரவு முக்கால்வாசிக்கு மேல் வந்துவிட்டது. அந்தக் கோடு அசையவில்லை. ஆனால் ஜெர்மனிப் பாதை அரபிக்கடல், ஈரான், காகசஸ் மலை என்று இன்னும் வெயிலில் கிடந்தது. 23.4-இன் கோடு சில நிமிடங்களில் செங்குத்தாக எழுந்து, பிறகு ஆற அமரச் சாய்வாக இறங்கியது. ஒரே சட்டம், ஒரே நேரம், ஒரே சூரியன். இருட்டில் இருந்த பாதைக்கு ஒன்றுமில்லை, வெளிச்சத்தில் இருந்த பாதை துள்ளியது. புத்தகத்தில் படித்ததை நம் தோட்டத்தின் கோடியில் கண்ணால் காண்பது வேறு.

அக்கா மகளைக் கூப்பிட்டு இரண்டு கோடுகளையும் காட்டினேன். "அப்படியானால் இது சூரியனேதானா?" என்று கேட்டு, ஜெர்மன் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றாள்.

அக்டோபர் 5, சனி

தென்திருப்பேரைப் பக்கம், கடம்பாகுளத்துக் கரை. மின்கம்பி எட்டாத இடம். இன்று நிலையங்கள் வேண்டாம், மின்னல்கள் போதும்.

உலகத்தில் நொடிக்குச் சுமார் 45 மின்னல் வெட்டுகிறது. ஒவ்வொன்றும் ஒரு வானொலித் துடிப்பு. பூமிக்கும் மேலே உள்ள மின்னேற்ற அடுக்குக்கும் இடையே அந்தத் துடிப்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது. பகலில் வெறும் படபடப்பாகக் கேட்பது, இரவில் வேறாகிவிடுகிறது. இழுத்துக் கட்டிய வேலிக்கம்பியில் சிறுகல் பட்டால் எழும் ஓசை, மேலிருந்து கீழே சறுக்கி நின்றுவிடும். ஆங்கிலத்தில் ட்வீக் என்பார்கள்.

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த அண்ணாச்சி ஒருவர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். "தம்பி, இத்தனையும் நம் பக்கத்து மின்னலா?" என்றார். மேற்கு மலையில் வெட்டுவதும் உண்டு, கடல் கடந்து சுமத்ராவில் வெட்டுவதும் உண்டு அண்ணாச்சி என்றேன். "அவ்வளவு தூரத்து இடியைக் கேட்க இந்த மரச்சட்டமா" என்று அதைத் தடவிப்பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பதிவை விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு ட்வீக்கும் கொக்கிபோல் வளைந்து 1.7 கிலோஹெர்ட்ஸ் அருகே முடிகிறது. ஒளியின் வேகத்தை அந்த அதிர்வெண்ணின் இரு மடங்கால் வகுத்தால் கூரையின் உயரம் கிடைக்கும்: மூன்று லட்சத்தை 3,400-ஆல் வகுத்தேன், 88 கிலோமீட்டர். குளத்தங்கரையில் நின்று ஆகாயத்தின் உயரத்தை அளந்துவிட்டோம், எந்த ராக்கெட்டும் இல்லாமல்.

வட நாடுகளில் கேட்கும் சீழ்க்கை அலைகள் இங்கே வருவதில்லை. அவை பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்குப் போய் மறுகோளத்தில் இறங்குபவை. நாம் காந்த நடுக்கோட்டின் அருகில் இருக்கிறோம், இங்கே அந்தக் கோடுகள் படுத்துக் கிடக்கின்றன. இந்த இருப்பிடத்துக்காகவே, சிற்பங்களுக்குப் பேர்போன நம் கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதுதான் என் ஆதங்கம்.

அக்டோபர் 7, திங்கள்

மாலையில் இடி. கம்பியைக் கழற்றிவிட்டேன். பதிவு இல்லை.

அக்டோபர் 9, புதன்

காலை 7.26, எக்ஸ் 1.8. இம்முறை ஆஸ்திரேலியாவரை முழுப் பாதையும் வெயிலில். 19.8-இன் கோடு தெளிவாக எழுந்தது. 9.0-ஐவிடச் சிறியதுதான், ஆனால் என் பதிவுகளில் இதுவே அழகானது. விடியல் குழப்பம் முடிந்து கோடு சமனாகிய பிறகு வந்ததால், எங்கே தொடங்கியது எங்கே தணிந்தது என்று ஐயமில்லாமல் காட்ட முடிகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பற்றவைப்புக் கோலுக்கும் மல்டிமீட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. அம்மா மடிக்கணினியையும் கேட்டார். புதன்கிழமை வெடிப்பு கிளப்பிய காந்தப்புயல் நேற்றிரவு பூமியை எட்டியிருப்பதால் பதிவை நிறுத்த மனமில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டு வைத்தார். லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படம்பிடித்திருக்கிறார்கள். நம் கோடுகளில் வெடிப்பு போட்டதுபோன்ற எழுச்சி ஏதும் இல்லை.

அக்டோபர் 12, சனி

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் பேசினார். மாணவர்களோடு இதைச் செய்ய விரும்புகிறார். வரைபடத்தில் கோல் வைத்துப் பார்த்தேன். அங்கிருந்து விஜயநாராயணமும் எக்ஸ்மவுத்தும் ஏறத்தாழ ஒரே திசை. ஒன்றை அணைத்தால் மற்றதும் அணையும். தென்காசிக்கும் அதே கதைதான்.

18.2-ஐயே வைத்துக்கொள்ளலாமே என்று அவர் கேட்டார். அது பயன்படாது. இத்தனை அருகிலிருந்து வரும் அலை தரைவழியாகவே வந்துவிடும், ஆகாயத்தின் மாற்றம் அதில் தெரியாது. நம் கட்டபொம்மன் அலையை வைத்து நம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்க்க முடிவது தூரதேசத்தவருக்குத்தான். நமக்கு அவர்களுடைய நிலையங்கள் வேண்டும்.

எனவே மேற்குப் பக்கத்தவர்கள் முன்பெருக்கிக்கு முன்னாலேயே 18.2-ஐ வெட்டும் வடிகட்டி ஒன்றைப் போட வேண்டும். 1.6 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கிறது, நல்ல சுருளும் சரியான மின்தேக்கியும் இருந்தால் முடியும். திங்கள்கிழமை பொருள்கள் வாங்க பாளையங்கோட்டை போகிறேன். அளந்து பார்த்துவிட்டு மதிப்புகளை இங்கேயே எழுதுகிறேன்.