ஜிலேபிக்குச் சளி: கார்த்திகை முதல் மாசி வரை

2 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை ராத்திரியே புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்துவிட்டது, ஆனால் வேலூர் சத்துவாச்சாரியில் ஈரமும் குளிரும் இன்னும் விடவில்லை. கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. என் பாம்பு ஜிலேபியின் தொட்டிக்கு அடியில் இருக்கும் ஹீட்டிங் மேட்டை இன்வர்ட்டரில் மாட்டிவிட்டேன். அதற்காக ஹால் ஃபேனை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு அம்மா பதில் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஜிலேபி ஒரு 'பால் பைதான்' (ball python) வகை மலைப்பாம்பு. மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்து இனம், பயந்தால் தலையை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்ளும், பெயர் அதனால்தான். மாமா வெளிநாடு போனபோது என்னிடம் வந்தவள். வயது இருபதை ஒட்டி இருக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த காகிதமெல்லாம் ஃபைலில் இருக்கிறது. நம்மூர் மலைப்பாம்பை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதை எங்கே வாங்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்றைய எடை 1,560 கிராம். ஐப்பசியில் 1,640 இருந்தாள். சாப்பிடவில்லை என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை, குளிர் மாதங்களில் இந்த இனம் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும், நல்லா இருக்கிற பாம்பு அப்படிக் கிடந்தாலும் எடை லேசில் இறங்காது. இறங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

9 டிசம்பர்

1,490. தலையைச் செங்குத்தாகத் தூக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கிறாள். காதை அருகில் கொண்டுபோனால் மூச்சில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். வாயோரத்தில் நுரை.

அம்மா சொன்னது: "வயசாயிடுச்சுடி, விடு." எதிர்வீட்டு அக்காவும் அதையே சொன்னார். எனக்கு இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் கோபம் வருகிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் ஒரு பால் பைதான் 2020இல் முட்டை போட்டது, அப்போது அதற்குக் குறைந்தது 62 வயது என்று கணக்கு. பல வருஷமாக ஆண் பாம்பு பக்கத்திலேயே இல்லாமல். அப்படியிருக்க இருபது வயதில் மூச்சில் சத்தம் வந்தால் அதற்கு வயது காரணமில்லை, நோய்.

பாம்புக்கு நம்மைப் போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசை) கிடையாது, அதனால் இருமிச் சளியைத் துப்ப முடியாது. நுரையீரல் நீளமான பை, அடியில் தேங்கியது தேங்கியபடியே இருக்கும். மூச்சு விட வழி தேடித்தான் தலையைத் தூக்குகிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் 'படம் எடுக்குது' என்கிறார்கள்.

11 டிசம்பர்

சென்னை போய் வந்தோம். பாம்பு பார்க்கும் டாக்டர் கிடைப்பதே பெரிய விஷயம், அதனால் தூரத்தைப் பற்றி முனக மாட்டேன். தலையணை உறைக்குள் அவளை விட்டு முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்று. டாக்ஸி அண்ணன் வாலாஜா தாண்டுகிற வரைக்கும் பேசவில்லை, அப்புறம் மெதுவாக, "மண்ணுளியாமா? லட்சக்கணக்குல போகுமாமே" என்றார். மண்ணுளிப் பாம்பை வைத்து எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறார்கள், பிடித்தால் ஜெயில் என்று காஞ்சிபுரம் பிரிவு வரை விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை.

எக்ஸ்ரேயில் நுரையீரல் மங்கல், நிமோனியா. கூடவே இன்னொன்று தெரிந்தது: முதுகெலும்பில் நடுவே சில கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன. இது வயதோடு வருவது. ஆக அம்மா சொன்னதும் கொஞ்சம் உண்மை, ஆனால் மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் பிரித்துச் சொன்னதற்காகவே டாக்டருக்கு நன்றி.

செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் ஊசி அங்கேயே போட்டார்.

14 டிசம்பர்

நேற்று தீபம், தெருவெல்லாம் அகல் விளக்கு. இன்று நான் போட்ட முதல் ஊசி. மருந்தைக் கலந்து, ஒரு வேளைக்கு ஒரு சிரிஞ்ச் என்று பிரித்து ஃப்ரீசரில் வைக்கச் சொல்லியிருந்தார், டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன், அம்மா அதற்கு மேல் இன்னொரு கவர் சுற்றிவிட்டார்.

ஊசி உடம்பின் முன்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள், முதுகெலும்பை ஒட்டிய சதையில். பின்பக்கம் போட்டால் அங்கிருந்து வரும் ரத்தம் முதலில் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும், மருந்து உடம்புக்குச் சேராமலே வெளியேறலாம், வயதான சிறுநீரகத்துக்கும் சுமை. ஒருமுறை இடது, ஒருமுறை வலது. தம்பி தலைப்பக்கம் பிடித்தான். ஜிலேபி எங்களைவிட அமைதி.

23 டிசம்பர்

1,455. இறங்கும் வேகம் குறைந்திருக்கிறது. சூடான பக்கம் 32 டிகிரி, இரவிலும் குறையக் கூடாது என்பது உத்தரவு. பாம்பின் உடம்பு நோயோடு சண்டை போடுவதே வெளியே இருக்கும் சூட்டை வைத்துத்தான், குளிரில் கிடந்தால் மருந்து மட்டும் என்ன செய்யும்? மார்கழி விடியலில் தெர்மோமீட்டர் பார்க்க எழுந்திருக்கிறேன், கோலம் போட எழுந்ததாக நினைத்து அம்மாவுக்குச் சந்தோஷம்.

குழந்தைகளுக்கு வைக்கிற நெபுலைசரையே டப்பாவில் குழாய் விட்டு, டாக்டர் சொன்ன அளவு சலைன் வைக்கிறேன். இன்று யூரேட் (பாம்பின் சிறுநீர்க் கழிவு) போனாள், வெள்ளையாக, மெத்தென்று. மஞ்சளாகக் கெட்டியாக வந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

13 ஜனவரி 2025

போகி. மூன்று நாளாக இதை நினைத்துத்தான் பயம். பாய், பழந்துணியோடு விட்டால் சரி, எங்கள் தெருவில் டயரும் எரிப்பார்கள். நேற்று ராத்திரியே தொட்டியை உள் அறைக்கு மாற்றி, ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டி, கதவடியில் ஈரத்துணி வைத்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைக்கூட அம்மா ஒரு மாதமாக மொட்டை மாடியில்தான் காட்டுகிறார் (சாமி மாடிக்கு வருமா என்று ஒருநாள் கேட்டார், எனக்குத் தெரியவில்லை). விடியற்காலை ஐந்து மணிக்குத் தெரு கண்ணுக்குத் தெரியவில்லை. அறைக்குள் லேசான வாசனையோடு சரி. மூச்சில் சத்தம் இல்லை.

14 ஜனவரி

பொங்கல். எதிர்வீட்டு அக்கா கரும்பு கொடுக்க வந்து தொட்டியைப் பார்த்தார். "இன்னாமா, இம்மாம் வயசாச்சுன்றே, மாணிக்கம் கக்குமா?" கக்கினால் ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்திருக்கிறோம். பால் ஊற்றட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம்கா, பாலைச் செரிக்கிற சக்தி பாம்புக்குக் கிடையாது, தண்ணீரே போதும்.

29 ஜனவரி

தோல் உரித்தாள், துண்டு துண்டாக. முதுகு வளையாததால் கல்லில் தேய்த்து முழுசாகக் கழற்ற முடியவில்லை போலிருக்கிறது. மீதியை ஈரத்துண்டுக்குள் ஊர்ந்து போகவிட்டே எடுத்துவிட்டேன். இடது கண்ணின் மேல்தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாம்புக்கு இமை இல்லை, கண்மேல் ஒரு கண்ணாடித் தோல், உரிக்கும்போது அதுவும் வர வேண்டும். அதை இடுக்கியால் பிடுங்குகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு யாரும் செய்துவிடாதீர்கள், கண்ணே போய்விடும். ஈரப்பதத்தைக் கூட்டி அடுத்த உரிப்பு வரை பொறுக்கலாம் என்று டாக்டர் போனில் சொன்னார்.

9 பிப்ரவரி

சாப்பிட்டாள்! உறைய வைத்த சின்ன எலி, வெந்நீரில் இளக்கிச் சூடாக்கி நீள இடுக்கியில் நீட்டியது. முன்பு கொடுத்ததில் பாதி அளவுதான், இனிமேல் அப்படித்தான். உயிருள்ள எலி கண்டிப்பாகக் கிடையாது, இந்த முதுகோடு இவள் திரும்புவதற்குள் எலி இவளைக் கடித்துவிடும். ஏறுகிற கிளையை எடுத்துவிட்டேன், விழுந்தால் தாங்காது. தண்ணீர்க் கிண்ணம் விளிம்பு தாழ்ந்தது, ஒளிவிடத்துக்கு வாசல் அகலமாக்கியாச்சு.

16 பிப்ரவரி

1,510. ஊசியெல்லாம் முடிந்து ரொம்ப நாளாச்சு, மார்ச்சில் இன்னொரு எக்ஸ்ரே.

மாசி பிறந்ததுமே மத்தியான வெயில் சுருக்கென்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் வளர்ப்புக் குறிப்பெல்லாம் எப்படிச் சூடாக்குவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது, நமக்கு அது இரண்டு மாதப் பிரச்சினைதான். சித்திரையில் வேலூர் 40 தாண்டும், இவளுக்கு 35க்கு மேல் போனாலே ஆபத்து. மேற்குச் சுவர் அறையிலிருந்து கீழ்வீட்டுப் பின்அறைக்குத் தொட்டியை இறக்க வேண்டும், அங்கே இப்போது அம்மாவின் புளிப்பானைகள் இருக்கின்றன. பேச்சுவார்த்தை ஞாயிற்றுக்கிழமை.